எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கும்போது சத்தத்தைக் கடைசியில் கேளுங்கள்

எலெக்ட்ரானிக் கிட் வைத்திருக்கும் கடைக்குள் நுழைந்து ஸ்டிக்கை எடுத்தால் முதலில் காதில் விழுவது மாட்யூலின் (சத்தத்தை உருவாக்கும் பெட்டி) முதல் பிரீசெட், அதாவது தயாராக வைத்த ஒலி. எதிரொலி சேர்க்கும் ரிவெர்பும் ஒலியைத் தடிமனாக்கும் கம்ப்ரெஷனும் ஏற்றி வைத்திருப்பார்கள். லேசாகத் தட்டினாலும் பெரிய அரங்கத்தில் வாசிப்பது போலக் கேட்கும். அகூஸ்டிக் (நிஜ) கிட்டில் கை பழகியவர் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த ரூம் எஃபெக்டுகளை எல்லாம் அணைப்பது. அடுத்து ஹெட்ஃபோனையும் கழற்றி வைத்துவிட்டு வெறும் பேடை, அதாவது டிரம்முக்குப் பதிலாக அடிக்கும் தட்டை, வாசித்துப் பார்க்க வேண்டும். சத்தம் பிடிக்கவில்லை என்றால் பிறகு லேப்டாப்பில் ஒரு மென்பொருளைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். ஸ்நேர் (கைக்கு நேரே இருக்கும் முக்கிய டிரம்) பேடின் அளவும் ஹை-ஹேட்டின் (காலால் திறந்து மூடும் இரட்டைச் சிம்பல்) அசைவும் பிடிக்கவில்லை என்றால் புதிதாகக் காசு கொடுத்துத்தான் மாற்ற முடியும்.

கைக்குப் பொருந்துமா என்ற இந்தக் கேள்வி பழையது. 1981இல் வந்த சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5 கிட்டின் அறுகோண பேடுகள் பார்க்க அழகு. ஆனால் கெட்டியான பாலிகார்பனேட் முகம். வாசித்தவர்கள் மணிக்கட்டு வலிக்கிறது என்று புலம்பினார்கள். பின்னால் வந்த ரப்பர் பேடுகள் வலியைக் குறைத்தன, முழுதாகத் தீர்க்கவில்லை. 1997இல் ரோலண்ட் டிடி-10 மாட்யூலோடு மெஷ் ஹெட் (வலைத்துணி முகம்) பேடுகளைக் கொண்டுவந்த பிறகுதான் டிரம்மர்கள் இதை ஒரு வாத்தியமாக மதிக்கத் தொடங்கினார்கள். யமஹா வேறு வழியில் போய், காற்றுக்குமிழ் நிறைந்த சிலிகான் ஹெட்டை உருவாக்கியது. மெஷ்ஷை விட அதில் ஸ்டிக் எழும்புவது குறைவு. இரண்டையும் வாசித்துப் பார்க்காமல் எது நல்லது என்று முடிவெடுக்காதீர்கள்.

பட்ஜெட் எதுவானாலும் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்: ஸ்நேர், ஹை-ஹேட், கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்). டாம் (மற்ற டிரம்கள்) பேடு சின்னதாக இருந்தால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது.

அகூஸ்டிக் ஸ்நேர் 14 அங்குலம். ரோலண்ட் டிடி-07கேவி கிட்டில் இருக்கும் ஸ்நேரின் மெஷ் 8 அங்குலம். அலெசிஸ் நைட்ரோ மேக்ஸில் 10, டிடி-17கேவிஎக்ஸில் 12. ரிம்ஷாட்டில் ஸ்டிக்கின் முனை ஹெட்டின் நடுப்பக்கத்திலும் தண்டு ரிம்மிலும் (ஓர வளையம்) ஒரே நேரத்தில் பட வேண்டும். 8 அங்குலத்தில் நடுவுக்கும் ரிம்முக்கும் உள்ள தூரம் குறைவு என்பதால் கை தானாகவே கோணத்தை மாற்றிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தோடு மேடையில் 14 அங்குல ஸ்நேரில் உட்கார்ந்தால் ரிம்ஷாட் தவறும். தினமும் வாசிக்கப் போகிறவர் 12 அங்குலத்துக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. சின்ன கிட்தான் கைக்கு எட்டுகிறது என்றால், மாட்யூல் ஏற்குமா என்று பார்த்துக்கொண்டு, ஸ்நேரை மட்டும் பின்னால் பெரிதாக்கலாம்.

ஹை-ஹேட் இரண்டு வகை. ரேக்கில் (கிட்டைத் தாங்கும் சட்டகம்) ஒரு பேடும் தரையில் தனியாக ஒரு பெடலும் இருப்பது ஒன்று. நிஜ ஹை-ஹேட் ஸ்டாண்டில் மாட்டி, காலோடு ஏறி இறங்குவது இன்னொன்று. முதல் வகையில் பெடலை மிதித்தாலும் கைக்கு அடியில் எதுவும் அசையாது. பாதி திறந்த நிலையைக் காது மட்டும்தான் சொல்லும். ஃபங்க், ஜாஸ் வாசிப்பவர்களுக்கு அது போதாது. ரோலண்ட் விஹெச்-10 போன்ற இரண்டாவது வகையிலும், மாட்டியவுடன் எல்லாம் சரியாக வந்துவிடாது. கிளட்சை (மேல் தட்டைக் கம்பியில் பிடிக்கும் திருகு) தளர்த்தி, மேல் தட்டைச் சென்சார் மீது முழுதாக உட்கார வைத்து, மாட்யூலில் ஆஃப்செட்டை (சென்சாரின் தொடக்க அளவு) அமைக்க வேண்டும். பிறகு சுமார் 1 செ.மீ. தூக்கி கிளட்சை இறுக்க வேண்டும். “மூடினாலும் ஹை-ஹேட் திறந்த சத்தம் வருகிறது” என்ற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி இந்த ஆஃப்செட்தான். பேடு கெட்டுப் போயிருக்காது.

கிக்கில் பீட்டரே (பெடலில் அடிக்கும் சுத்தி) இல்லாத பெடல்கள் உண்டு. இடம் மிச்சம், சத்தமும் கம்மி. ஆனால் பீட்டர் போய்த் திரும்பும் கனம் காலுக்குக் கிடைக்காது. ஏற்கெனவே அகூஸ்டிக் வாசிப்பவர் அதைத் தவிர்க்கலாம். நின்றபடி இருக்கும் டவர் பேடு வாங்கினால், டபுள் பெடலின் இரண்டு பீட்டரும் அதன் முகத்துக்குள் விழுகிறதா என்று உங்கள் பெடலையே கொண்டுபோய்ப் பாருங்கள். மெஷ் முகம் கொண்ட கிக்கில் ஃபெல்ட் பீட்டர் அடிக்கிற இடத்தைச் சீக்கிரம் தேய்த்துவிடும். பிளாஸ்டிக் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

அடுத்து பேசத் தகுந்தவை டிஜிட்டல் பேடுகள். ரோலண்டின் பிடி-140டிஎஸ் ஸ்நேர், சிஒய்-18டிஆர் ரைட் (பெரிய சிம்பல்), விஹெச்-14டி ஹை-ஹேட் ஆகியவை வழக்கமான ஜாக் கேபிளில் இல்லாமல் யுஎஸ்பி வழியாக மாட்யூலோடு பேசுகின்றன. பழைய வகை பேடில் ஹெட்டுக்கு அடியில் ஒரு பியசோ (அதிர்வை மின்சாரமாக்கும் சென்சார்), அதன் மேல் ஒரு ஃபோம் கோன். அடி விழுந்தால் மின்னழுத்தம் எழும்; மாட்யூல் அதை அளந்து 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக்கும். கோனுக்கு நேர் மேலே அடித்தால் மட்டும் சத்தம் துள்ளும். அந்த இடத்துக்கு ஹாட் ஸ்பாட் என்று பெயர். டிஜிட்டல் ஸ்நேரில் பல சென்சார்கள் இருப்பதால் அடி எங்கே விழுந்தது என்பதும் தெரியும். ஓரத்தில் வாசிக்கும் கோஸ்ட் நோட் (மிக மெல்லிய அடி) நடுவில் வாசிப்பதிலிருந்து நிறம் மாறிக் கேட்கும். கையை ஹெட்டில் வைத்தால் அதை உணர்ந்து கிராஸ்-ஸ்டிக்குக்கு (ஸ்டிக்கைப் படுக்க வைத்து ரிம்மில் தட்டுவது) மாறும். ரைடில் உள்ளங்கையை வைத்தால் சத்தம் அடங்கும்.

இது விளம்பரப் பேச்சு மட்டும் அல்ல. கிராஸ்-ஸ்டிக் அதிகம் வாசிக்கிறவருக்கும் ரைடைக் கையால் அடக்குகிறவருக்கும் உண்மையான முன்னேற்றம். ஆனால் டிடி-17 மாட்யூலில் இவற்றை மாட்ட வழியே இல்லை. டிடி-27, டிடி-50 போன்ற மேல் வரிசைக்குப் போக வேண்டும், விலையும் அதற்கேற்ப ஏறும். ராக்கில் இரண்டாம் நாலாம் தட்டுக்கு ஓங்கி அடிப்பதுதான் உங்கள் வாசிப்பு என்றால், அந்தப் பணத்துக்கு நல்ல த்ரோனும் (டிரம்மர் இருக்கை) நல்ல பெடலும் வாங்கிக்கொள்ளலாம். இன்னொரு சங்கடம்: ஒரு நிறுவனத்தின் டிஜிட்டல் பேடு இன்னொன்றின் மாட்யூலில் வேலை செய்யாது. பழைய ஜாக் பேடுகளையாவது அமைப்புகளைத் திருகிப் பெரும்பாலும் ஒப்பேற்றலாம்.

வாங்கியபின் பலர் கவனிக்காமல் விடுவது டிரிகர் அமைப்புகளை, அதாவது அடியை மாட்யூல் எப்படி உணர வேண்டும் என்பதை. பேடுக்குப் பேடு சென்சிட்டிவிட்டியை முதலில் சரிசெய்யுங்கள். நீங்கள் வாசிக்கக்கூடிய அதிகபட்ச அடியில்தான் 127 தொட வேண்டும். நடுத்தர அடியிலேயே அது 127 காட்டினால் அதற்கு மேல் அழுத்தமே இருக்காது. எல்லா அடியும் ஒரே மாதிரி கேட்பதற்குக் காரணம் அதுதான். அடுத்து த்ரெஷோல்ட், அதாவது அடி என்று மாட்யூல் ஏற்கும் குறைந்தபட்ச அளவு. அதிகமானால் கோஸ்ட் நோட் காணாமல் போகும், குறைந்தால் ஸ்டாண்டைத் தொட்டாலே சத்தம் வரும். ஸ்டாண்டைத் தட்டியபடி ஒவ்வொரு படியாக ஏற்றி, பொய்ச்சத்தம் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஒரே அடிக்கு இரண்டு சத்தம் வந்தால் மாஸ்க் டைமை ஏற்ற வேண்டும். முதல் அடிக்குப் பிறகு அத்தனை மில்லி விநாடி மாட்யூல் காதைப் பொத்திக்கொள்ளும். பயந்து குறைவாக வைக்கத் தேவையில்லை: 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 தட்டு) முப்பத்திரண்டாம் நோட்டுகளுக்கு இடையே 62.5 மில்லி விநாடி இருக்கிறது. 200 பிபிஎம்மில் டபுள் பேஸ் பதினாறாம் நோட்டுகளுக்கு இடையே 75. மாஸ்க் 15, 20 ஆனாலும் ஒரு நோட்டும் போகாது. பீட்டரைக் கிக்கிலேயே அழுத்தி நிறுத்தும் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் இந்தத் தொந்தரவு அதிகம், ஏனென்றால் அழுத்தும்போது பீட்டர் நுண்ணியதாக அதிர்கிறது. கிக்கை மிதித்தால் டாம் ஒலிப்பது கிராஸ்டாக். மெனுவுக்குள் போகும் முன் கிளாம்புகளை இறுக்குங்கள். ஸ்நேரை ரேக்கிலிருந்து கழற்றித் தனி ஸ்டாண்டில் வையுங்கள். கிராஸ்டாக் கேன்சலை மெனுவில் ஏற்றிக்கொண்டே போனால், இரண்டு பேடை ஒரே நேரத்தில் வாசிக்கும்போது மெல்லியது விழுங்கப்படும்.

ரிம் மட்டும் கேட்கவில்லையா? கேபிளைப் பாருங்கள். பேடுகளுக்கு ஸ்டீரியோ ஜாக் வேண்டும். கிடாரின் மோனோ கேபிளைச் செருகினால் ரிம்மும் சிம்பல் சோக்கும் (கையால் பிடித்து ஒலியை நிறுத்துவது) செத்துப்போகும்.

தாமதம் பற்றிய பயம் பெரிது. நல்ல மாட்யூலில் அடிக்கும் ஒலிக்கும் இடையே சில மில்லி விநாடிதான். 2 மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரிலிருந்து சத்தம் காதுக்கு வரவே 6 மில்லி விநாடி ஆகும், அதை யாரும் குறை சொல்வதில்லை. லேப்டாப்பில் வாசிப்பவர்கள் 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபரை (ஒலியைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் இடம்) 128 சாம்பிளில் வைத்தால் சுமார் 2.9 மில்லி விநாடி, 256 என்றால் 5.8. அதற்கு மேல் போனால் கை உணரத் தொடங்கும். விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவர் இல்லாமல் முயலவே வேண்டாம். புளூடூத் ஹெட்ஃபோனும் ஆகாது. அதன் தாமதம் நூறு மில்லி விநாடியையும் தாண்டும். மாட்யூலில் இருக்கும் புளூடூத், போனிலிருந்து பாட்டை உள்ளே வாங்கி அதோடு சேர்ந்து வாசிக்கத்தான்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் “சத்தமே வராது” என்ற விற்பனைப் பேச்சை நம்பி வாங்கிவிட்டு, கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டும்போது திகைக்கிறார்கள். காற்றில் போகும் சத்தம் குறைவுதான். கிக் பெடலின் அதிர்வு கான்கிரீட் தளத்தில் இறங்கிப் போகிறது. கார்பெட் அதைத் தடுக்காது. இரண்டு 18 மி.மீ. பிளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை அடுக்கி மேடை செய்வது உலகம் முழுக்கப் பயன்படும் மலிவான வழி. கீழ்ப்பலகையில் பந்தின் விட்டத்தை விடச் சிறிய ஓட்டைகள் போட்டு, பந்தை அதில் உட்கார வைத்தால் நகராது. த்ரோனும் அதே மேடை மேல் வர வேண்டும், மேல்பலகை சுவரைத் தொடவே கூடாது. தொட்டால் செய்த வேலை வீண்.

யாருக்குப் பொருந்தும் என்றால், வீட்டில் மணிக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டியவருக்கும் மிடியில் (வாசிப்பை எண்களாகப் பதியும் முறை) பதிவு செய்பவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அகூஸ்டிக் மேடைக்குத் தயாராகிறவருக்கு இரண்டு எச்சரிக்கை. மெஷ் ஸ்டிக்கைத் தூக்கிக் கொடுப்பதால் டபுள் ஸ்ட்ரோக் (ஒரே கையால் அடுத்தடுத்து இரண்டு அடி) இலகுவாக வரும். தளர்ந்த ஃப்ளோர் டாமில் அதே டபுள் படுத்துவிடும். ஃப்ளோர் பேடின் மெஷ்ஷை வேண்டுமென்றே தளர்த்தி வையுங்கள், இடையிடையே தலையணையிலும் வாசியுங்கள். இரண்டாவது, சமநிலை. மாட்யூல் சிம்பலை எப்போதும் அளவாகவே கலந்து தரும். நிஜத்தில் ஹை-ஹேட்டை ஓங்கினால் ஸ்நேர் மூழ்கிவிடும். அந்தப் பாடத்தை எலெக்ட்ரானிக் கிட் சொல்லித்தராது. வாரத்தில் ஒருநாளாவது நிஜ கிட்டில் உட்காருவதைத் தவிர வேறு மருந்து கிடையாது. கம்பி பிரஷ் வாசிப்பவர்களுக்கு இது இன்னும் சரியான இடமில்லை: உலோகக் கம்பி மெஷ்ஷைக் கிழிக்கும், நைலான் பிரஷ்தான் பயன்படுத்தலாம்.

நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் பேடு வாசிப்பவர்கள் தனி இனம். 1985இல் வந்த முதல் ஆக்டோபேட் (எட்டு பேடு கொண்ட ரோலண்ட் பலகை) தனக்கென்று ஒரு சத்தமும் இல்லாத வெறும் மிடி பலகை. இன்றைய ஆக்டோபேட் தபேலா, டோலக் முதல் கிட் வரை எல்லாவற்றையும் ஒரே பலகையில் தருகிறது. அதில் தேர்ந்தவர் முழு கிட்டுக்கு மாறினால் கைக்குப் பிரச்சினை இல்லை. கால்தான் புதிதாகக் கற்க வேண்டும். முழு கிட் வாங்கும் முன் ஆக்டோபேடோடு ஒரு கிக் பேடும் ஹை-ஹேட் பெடலும் சேர்த்து ஆறு மாதம் வாசித்துப் பார்ப்பது செலவு குறைந்த சோதனை.

செகண்ட் ஹேண்ட் கிட் என்றால் மாட்யூலின் எல்லா டிரிகர் ஜாக்குகளையும் ஒரே நல்ல பேடால் மாற்றி மாற்றிச் சோதியுங்கள். மெஷ்ஷை விரலால் அழுத்திப் பார்த்தால் அடியில் கோன் இருப்பது தெரிய வேண்டும்; கோன் அமுங்கிப் போயிருந்தால் நடு அடி பலவீனமாக வரும். அதை மாற்றுவது சின்ன செலவுதான், ஆனால் விலை பேச உதவும். சிம்பலின் ஓரத்தைப் பிடித்து சோக் வேலை செய்கிறதா என்று மூன்று இடத்தில் பாருங்கள். ஒரிஜினல் அடாப்டர் இல்லை என்றால், மாட்யூலின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டையும், நடு முள் பிளஸ்ஸா மைனஸா என்ற குறியையும் பார்க்காமல் வேறு எதையும் செருகாதீர்கள்.