மூடியைத் திறக்காமல் மாம்பலம் கால்வாய்: நான்காவது ஞாயிறு வரை

சென்னையில் தரைக்கடியில் ஓடும் வடிகால்களை மேலே நடந்தே கண்டுபிடிக்க முடியுமா என்று தொடங்கிய விளையாட்டு இது. உள்ளே இறங்குவது கிடையாது, மூடியைத் தொடுவதும் கிடையாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஆள் எழுந்திருக்க மாட்டார்.

முதல் வாரம் மூடிகளைப் பழகுவதிலேயே போனது. நடுரோட்டில் வட்ட மூடி என்றால் பெரும்பாலும் பாதாள சாக்கடை, குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. சாலையோரமாகச் செவ்வகக் கான்கிரீட் பலகைகள் வரிசையாக வந்தால் மாநகராட்சியின் மழைநீர் வடிகால். இரண்டும் சேரவே கூடாது. ஆனால் ஒரு மாதமாக மழையே இல்லாத ஏப்ரலில் பலகைக்கு அடியில் சலசலப்பு கேட்டால்? எங்கோ கழிவுநீரைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்றுதான் என் சந்தேகம். நின்று கேட்ட ஏழு இடங்களில் மூன்றில் கேட்டது.

இரண்டாவது ஞாயிறு மாம்பலம் கால்வாய். திருமலைப் பிள்ளை சாலைப் பக்கம் தொடங்கி வாணி மகால், வெங்கடநாராயணா சாலை, சி.ஐ.டி. நகர், நந்தனம் வழியாக அடையாற்றில் சேர்கிறது, 5 கி.மீ.க்கு மேல். பாதி இடத்தில் கண்ணில் படாது. கைப்பிடிச் சுவர் திடீரென்று முளைத்தால், கட்டடங்களுக்கு நடுவே காரணமில்லாத சந்து இருந்தால், அங்கே நிற்பேன். மூக்கு மீதியைச் சொல்லிவிடும். தி.நகரே 1920களில் நெடிய ஏரியைத் தூர்த்து எழுப்பிய ஊர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இன்னும் இருக்கிறது, லேக்தான் இல்லை. மழை பெய்தால் தண்ணீர் பழைய முகவரிக்கே போகிறது.

மூன்றாவது ஞாயிறு வீண். சரிவு பார்க்கலாமென்று போனில் உயரம் காட்டும் செயலியைப் போட்டேன். நின்ற இடத்திலேயே 4 மீட்டர் என்றது, கொஞ்ச நேரத்தில் 19 என்றது. எதிர்வீட்டில் வேலை பார்த்த மேஸ்திரி சிரித்துவிட்டு, "சார், டியூப் லெவல் வாங்குங்க, நூறு வருஷமானாலும் பொய் சொல்லாது" என்றார்.

நேற்று அதைத்தான் செய்தேன். 20 மீட்டர் ஒளி ஊடுருவும் குழாய், ஒரு பக்கெட் தண்ணீர், மறுமுனையைப் பிடிக்க மைத்துனன். குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்; தரையிலிருந்து அந்த மட்டம் எவ்வளவு உயரம் என்று இரு பக்கமும் அளந்தால், வித்தியாசம்தான் சரிவு. எங்கள் வாசலில் மழைநீர் வடிகாலுக்குள் இறங்குமுன் மண் தங்கும் வண்டல் தொட்டியிலிருந்து தெருமுனை நோக்கிப் பிடித்தோம். முதல் அளவு 11 செ.மீ. இறக்கம். சந்தோஷப்பட்டுவிட்டேன். குழாய் நடுவில் காற்றுக் குமிழி இருப்பதை அவன்தான் காட்டினான். தட்டி வெளியேற்றி, மூன்று முறை அளந்ததில் கிடைத்தது 2 செ.மீ. அதுவும் ஏற்றம்! தண்ணீர் தெருமுனைக்கு ஓடும் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். சாலை எங்கள் வாசலை நோக்கித்தான் சாய்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் வாசலில் கணுக்கால் அளவு நிற்பதற்கு அடைப்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

இது சாலையின் மட்டம் மட்டுமே. பலகைக்கு அடியில் வடிகாலின் தரை எப்படிச் சாய்கிறது என்பது வேறு கணக்கு. அதற்கு மழை வேண்டும். தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும் கம்பித் தட்டிக்குப் பக்கத்துச் சுவரில் 5 செ.மீ.க்கு ஒரு பெயிண்ட் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மைத்துனன் பெயிண்ட் காசு கேட்கிறான்.