காட்டுக்குள்ள போறவங்க ஆரஞ்சு ஜாக்கெட்டு போடுங்க

ஓடுகத்தூர், அமிர்தி, ஆலங்காயம்னு ஜவ்வாது மலை அடிவாரத்துல ஆடு மேய்க்க, விறகு பொறுக்க, சீத்தாப்பழம் பறிக்க காட்டுக்குள்ள போற நம்ம ஜனங்களப் பாருங்க, காக்கி சட்டை, மங்கிப்போன கைலி, குளிருக்கு பழுப்பு போர்வை, எல்லாமே காட்டோட கலர். புதர் பக்கத்துல குனிஞ்சு நின்னா பத்தடி தூரத்துல இருந்து பாத்தாகூட ஆள்னு தெரியாது. வேட்டைக்கு 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி தடை இருக்கு, ஆனா நாட்டுத் துப்பாக்கி இன்னும் மலைப்பக்கம் சுத்திட்டுதான் இருக்கு, காட்டுப்பன்னினு நெனச்சு ஆள சுட்டுட்டாங்கன்னு அப்பப்போ நியூஸ் வருது, அதப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயித்த கலக்குது.

என் மச்சான் அமெரிக்காவுல பென்சில்வேனியால வேலை பாக்குறான். அங்க லைசென்ஸ் எடுத்து மான் வேட்டை ஆடுறது சட்டப்படி சரி, ஆனா ரைஃபிள் சீசன்ல தலை, நெஞ்சு, முதுகு மூணும் சேத்து கொறஞ்சது 250 சதுர இன்ச் பளீர் ஆரஞ்சு இருக்கணும், எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் தெரியணும். 250 சதுர இன்ச்னா கிட்டத்தட்ட 16க்கு 16 இன்ச் துணி, அவ்ளோதான். துப்பாக்கிய தொடாத மச்சானே அந்த சீசன்ல நடக்கப் போனா ஆரஞ்சு தொப்பியும் ஜாக்கெட்டும் போட்டுனுதான் போறான், ஏன்னா வேட்டைக்குன்னு அரசாங்கம் ஒதுக்கின காட்டுல சும்மா நடக்கிறவங்களுக்கும் அந்த ரூல் உண்டு.

மான் பாத்துட்டு ஓடிடாதான்னு கேட்டேன். மானுக்கு நம்மள மாதிரி சிவப்பு ஆரஞ்செல்லாம் பிரிச்சுப் பாக்குற கண்ணு கிடையாது, அதுக்கு ஆரஞ்சு ஒரு மந்தமான கலராத்தான் தெரியும், நீலம்தான் நல்லா தெரியும். காட்டுப்பன்னி, யானைக்கும் சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க வராது. அதனால பளீர்னு போட்டா மிருகம் பாய்ஞ்சு வரும்ன்னு பயப்பட வேணாம். ஆனா குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் யானை நடமாட்டம் இருக்கற எடத்துல எந்த ஜாக்கெட்டும் காப்பாத்தாது, அங்க ஃபாரஸ்ட்காரங்க போகாதன்னா போகக்கூடாது.

காவித் துண்டு கட்டினா பத்தாதான்னு எங்க சித்தப்பா கேட்டாரு. பத்தாது சித்தப்பா. சாதா சாயம் மேல விழற வெளிச்சத்துல கொஞ்சத்த திருப்பி அனுப்பும், அவ்ளோதான். ஃப்ளோரசன்ட் துணி, அதாவது நான் சொன்ன அந்த பளீர் ஆரஞ்சு துணி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வெளிச்சத்தையும் உள்ள வாங்கி அத ஆரஞ்சா மாத்தி வெளிய விடுது, அதனாலதான் மூடாப்பு போட்ட நாள்லயும் விடியக்காலையிலயும் அது தனியா ஒளிவிடற மாதிரி தெரியுது. மிருகத்த ஆளுன்னும் ஆள மிருகம்னும் மாத்தி நெனக்கறது அந்த அரைகுறை வெளிச்சத்துலதானே.

கடைல ரோடு வேலைக்காரங்க போடற ஜாக்கெட்டு பெரும்பாலும் கிளிப்பச்சைல வரும். ரோட்டுக்கு அது சரி, மழை பேஞ்சு பச்சப்பசேல்னு கெடக்கற காட்டுல அது எலையோட சேந்துடும், அதனால ஆரஞ்சே கேட்டு வாங்குங்க. வெள்ளிப்பட்டை ஒட்டினதா பாருங்க, ராத்திரில ஃப்ளோரசன்ட் வேலை செய்யாது, அந்தப் பட்டைதான் லைட்டு பட்டா மின்னும், அதுவும் லைட்டு அடிக்கிறவன் பக்கம்தான் திரும்பி மின்னும். இதுல இன்னொண்ணு சொல்லியே ஆகணும், நெத்தி லைட்டு கட்டிட்டு திருட்டு வேட்டைக்கு வர்றவன் கண்ணு மின்னினாலே சுட்டுடறான், அவங்கிட்ட ஜாக்கெட்ட நம்பாதீங்க. பொழுது சாயறதுக்குள்ள ஆடுகள ஓட்டிட்டு கீழ எறங்கிடுங்க, காட்டுல துப்பாக்கி சத்தம் கேட்டா ஃபாரஸ்ட் ஆபீசுக்கு சொல்லுங்க, சொந்தக்காரன்னு பாத்து கம்முனு இருக்காதீங்க.

ஒரு ஜாக்கெட்டு இருநூறு ரூபாக்குள்ளயே கெடைக்குது. சைஸ் ரெண்டு பெருசா வாங்குங்க, மார்கழி குளிருல போர்வைய ஜாக்கெட்டு மேல போத்தினா போட்டதுக்கே அர்த்தம் இல்ல, போர்வை உள்ள, ஜாக்கெட்டு வெளிய. தலைக்கும் அதே கலர்ல ஒரு தொப்பி, குனிஞ்சு பழம் பொறுக்கறப்ப அதுதான் மேல தெரியும். வெயில்ல கெடந்து தொவைச்சு தொவைச்சு கலர் வெளுத்துடும், வெளுத்தா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க. நாயையும் இட்டுனு போறீங்கன்னா அதே துணில ஒரு பட்டை கிழிச்சு கழுத்துல கட்டி விடுங்க.