விடைக்கோழி முட்டைக்கு வரும் முன் கூண்டில் முடிக்க வேண்டியவை

சித்திரை, வைகாசியில் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சு ஐந்தரை, ஆறு மாதத்தில் முட்டைக்கு வரும். கணக்குப் போட்டால் ஐப்பசி, கார்த்திகை. கடலூர், புதுச்சேரிக் கரையில் அடைமழையும் புயலும் அப்போதுதான். அதனால் கூண்டு வேலையை நாங்கள் புரட்டாசிக்குள் முடித்துவிடுவோம்.

முதல் வேலை முட்டைப் பெட்டி. கொண்டை சிவந்து, முதுகில் கை வைத்ததும் விடை, அதாவது இளம் பெட்டைக்கோழி, பம்மி உட்கார்ந்தால் முட்டை கிட்டத்தில் இருக்கிறது. மூலை மூலையாகக் கேறிக்கொண்டு திரிந்தால் இன்னும் கிட்டம். அதற்கு மூன்று வாரம் முன்பே பெட்டி உள்ளே இருக்கணும். முதல் முட்டையைச் செம்பருத்திப் புதரில் இட்ட விடையைப் பிறகு பெட்டிக்குப் பழக்குவது பெரும்பாடு.

பத்து விடைக்கு மூன்று பெட்டி போதும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 12 அங்குலம். வைக்கோல் சரியாமலிருக்க முன்பக்கம் 4 அங்குலத் தடுப்பு. பழக்கடை மரப்பெட்டியே இதற்கு ஆகும், ஆணி முனைகளை மட்டும் மடக்கிவிடுங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், வெளிச்சம் குறைந்த பக்கம் வைத்து, உள்ளே முட்டை அளவு வெள்ளைக் கூழாங்கல் ஒன்று போட்டால் விடைக்கு இடம் புரிந்துவிடும்.

படுக்கும் கழி பெட்டியைவிட உயரத்தில் இருக்கணும். கோழி உயரமான இடம் பார்த்துத்தான் அடையும். பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே படுத்து எச்சமிட்டு வைக்கும், காலையில் முட்டையெல்லாம் அழுக்கு. இரண்டு அங்குலத் தடிமனில் சவுக்குக் கழி எடுத்து, கோழிக்கு 8 அங்குலம் வீதம் பத்துக்கு 7 அடி கட்டுகிறோம். பட்டையைக் கட்டாயம் உரித்துவிடணும். உரிக்காத பட்டைக்கு அடியில் பகலெல்லாம் செல் என்கிற சிறு பூச்சி பதுங்கியிருந்து ராத்திரி ரத்தம் குடிக்கும். நன்றாக இட்ட கோழி திடீரென்று கொண்டை வெளுத்து முட்டையைக் குறைத்தால், முதலில் கழியின் இடுக்கைப் பாருங்கள்.

தரையை முற்றத்தைவிட ஓர் அடி மேடாக்கி 3 அங்குலத்துக்கு உமி பரப்புங்கள். கடலைத் தோல் நம் பக்கம் மலிவுதான், ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஒரு பிடி உமியை அள்ளி அழுத்தினால் உதிரணும். உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது, மாற்றணும். சாரல் அடிக்கிறதென்று நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடுவதுதான் இங்கே நிறையப் பேர் செய்யும் தப்பு. எச்சத்தின் நெடி வெளியேற வழியில்லாமல் கோழிக்குக் கண்ணில் நீர் வடியும், சளி பிடிக்கும். கூரைக்குக் கீழே அரை அடி எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

அறுகோண மெல்லிய வலை கோழியை உள்ளே வைக்குமே தவிர, கீரியையும் மரநாயையும் வெளியே வைக்காது. அரை அங்குல வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) அடித்து, ஓர் அடி மண்ணுக்குள் இறக்குங்கள். உப்புக்காற்றில் துரு சீக்கிரம் ஏறும் என்பதால் மழைக்கு முன் அடிப்பகுதியைக் காலால் உதைத்துப் பார்ப்பது நல்லது. கூரையைக் கம்பியால் இழுத்துக் கட்டணும். 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் அடித்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தீவனத்தில் அவசரம் கூடாது. முட்டையிடும் கோழிக்கான லேயர் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை சதவீதத்துக்கு மேல் இருக்கும். மூன்று, நான்கு மாத விடைக்கு அதைக் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். முதல் முட்டை கண்ட பிறகு, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டிய கோழி வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளும். குடற்புழு மருந்தும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியும் முட்டைக்கு முன்பே முடியட்டும்.

தொடக்கத்தில் ஒன்றிரண்டு தோல்முட்டை (கெட்டி ஓடில்லாத முட்டை) வரும், பயப்பட வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் வந்தால் கிளிஞ்சல் கிண்ணம் காலியா என்று பாருங்கள். தோல்முட்டை உடைந்து கிடந்தால் உடனே வைக்கோலோடு அள்ளிவிடணும். ருசி கண்ட கோழி அடுத்து நல்ல முட்டையைக் கொத்தும், அதைப் பார்த்து மற்றதும் கற்றுக்கொள்ளும்.