எடை மேடைக்குப் பக்கத்தில்

புறநோயாளிப் பிரிவில் என் நாற்காலி எடை மேடையை ஒட்டி இருக்கிறது. செவிலியராகப் பதினெட்டு ஆண்டுகள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். மேடையில் ஏறுவதற்கு முன் மனிதர்கள் செய்யும் ஆயத்தங்களைப் பார்ப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. செருப்பு, சாவிக்கொத்து, கைப்பேசி, பணப்பை, கைக்கடிகாரம் என ஒவ்வொன்றாக மேசைக்கு வந்துசேரும். ஒருவர் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டார். பிறகு எண்ணைப் படிக்க முடியாமல் என்னிடமே கேட்டார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்களும் உண்டு. அதனால் ஒரு கிராம்கூடக் குறையாது என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் எண்ணை நான் உரக்கச் சொல்வேன், எதிர்மேசை உதவியாளர் எழுதிக்கொள்வார். வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழும். யாருடைய சர்க்கரை அளவையும் நாங்கள் அப்படிக் கூவியதில்லை. எடையை மட்டும் ஏன் கூவினோம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

என்னை மாற்றியது ஒரு லாரி ஓட்டுநர். நாற்பத்தைந்து வயதிருக்கும். முதல் நாள் 104 கிலோ. ரத்தச் சர்க்கரை நீரிழிவின் வாசலில் நின்றது. உணவைப் பற்றியும் நடையைப் பற்றியும் வழக்கம்போலச் சொல்லி அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து வந்தவர் முகத்தில் சிரிப்பு. பெல்ட்டில் புதிதாகக் குத்திய துளையைக் காட்டினார். மேடையில் ஏறினார். 104.4.

"நன்றாகக் குறைந்திருக்கிறது, சிஸ்டர். கால்சட்டை நிற்கவே மாட்டேன் என்கிறது" என்றார்.

"இயந்திரம் பொய் சொல்லாது அண்ணா. சாப்பிட்டதையெல்லாம் உண்மையாக யோசித்துப் பாருங்கள்" என்றேன்.

அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போதும் கூசுகிறது. அவர் ஒன்றும் பேசாமல் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு போனார். அடுத்த தேதிக்கு வரவில்லை.

சில வாரங்களில் பராமரிப்புப் பிரிவு ஊழியர் வந்தார். ஓட்டுநர் முதல்முறை வந்துபோன பிறகு, தரையில் புதுக் கல் பதித்தபோது எடை மேடையை இடம் மாற்றியிருந்தோம். அதற்குப் பிறகு யாரும் அதைச் சரிபார்க்கவில்லை. அவர் 20 கிலோ சோதனைக் கல் ஒன்றை வைத்தார். 20.8 காட்டியது. ஐந்து கல்லையும் அடுக்கினார். 104. நூறு கிலோவுக்கு நான்கு கிலோ அதிகம். நான் பதிவேட்டைத் திறந்து கணக்குப் போட்டேன். அன்று அந்த ஓட்டுநரின் உண்மையான எடை 100.4. மூன்றரைக் கிலோவுக்கு மேல் குறைத்துவிட்டு வந்து நின்ற மனிதரிடம்தான் நான் உண்மையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அவர் கொடுத்திருந்த எண்ணுக்குப் பலமுறை அழைத்தேன். கிடைக்கவில்லை.

ஒரு கருவி பழுதானது பெரிய செய்தி இல்லை. பெல்ட்டு ஒன்று சொல்கிறது, இயந்திரம் வேறொன்று சொல்கிறது. நான் ஏன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பருமனானவர்கள் தின்றதை மறைப்பார்கள் என்ற எண்ணம் என்னுள் எங்கோ ஊறிக் கிடந்திருக்கிறது. சாப்பிட்டதைக் குறைத்துச் சொல்வது மனித இயல்பு என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு வாரம் என் உணவை நானே எழுதிவைத்தேன். நின்றபடி வாயில் போட்டுக்கொண்டது, குழந்தையின் தட்டில் மிச்சமானதைத் தின்றது எதுவும் அந்த ஏட்டில் இல்லை. பொய் சொல்லும் நோக்கம் எனக்குக் கடுகளவும் இருக்கவில்லை.

அதன்பிறகு என் மேசையிலிருந்த மற்ற கருவிகளையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். முதலில் சிக்கியது ரத்த அழுத்தப் பட்டை. அதற்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் சுமார் 80 சதவீதத்தைச் சூழ வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். இது எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்த வரி. ஆனால் பெரிய பட்டை அலமாரியில் பிரிக்காத உறையில் கிடந்தது. எழுந்து போய் எடுக்கச் சோம்பல். எத்தனை பேருக்கு அதனால் மாத்திரை கூடியதோ, நினைக்கவே பயமாக இருக்கிறது.

150 கிலோவுக்கு மேல் எங்கள் பழைய மேடை எண் காட்டாது. அதைத் தாண்டிய ஓர் இளைஞரைச் சரக்குக் கிடங்கின் தராசுக்கு அனுப்பினோம். வேறு வழி இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பெட்டிகளுக்கு நடுவே அவர் ஏறி நின்றபோது துணைக்குப் போயிருந்த நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அகலமான மேடை வாங்க மருத்துவமனைக்கு அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டு ஆனது.

இவ்வளவும் சொல்வதால் எடை ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் விளைவுகள் ஒவ்வொரு நாளும் என் மேசையைக் கடந்துதான் போகின்றன. முழங்காலைப் பிடித்தபடி வருகிறவர்களிடம் நான் ஒரு கணக்குச் சொல்வேன்: ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மூட்டில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியும் கொழுப்பு இன்னும் பொல்லாதது. அதிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது, இன்சுலினின் பேச்சை உடல் கேட்பதில்லை, சர்க்கரை ஏறுகிறது. கருப்பை உட்சுவர், பெருங்குடல், மாதவிடாய் நின்றபிறகு மார்பகத்தில் வருவது உட்பட 13 வகைப் புற்றுநோய்களுக்கும் கூடுதல் கொழுப்புக்கும் தொடர்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் அறிவித்தது.

ஆனால் இவற்றில் எதையும் எடை மேடை தனியாகச் சொல்லிவிடாது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் உடல் நிறைக் குறியெண்ணை நாங்கள் வேதம்போல எழுதுகிறோம். 1830-களில் அந்தச் சூத்திரத்தை வகுத்த அடோல்ஃப் கெட்லே மருத்துவர் அல்லர். பெல்ஜியத்துக் கணிதவியலாளர், வானியலாளர். மனிதக் கூட்டத்தின் சராசரியைத் தேடிப் போனவர். 1972-இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்கர் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். 25-க்கு மேல் கூடுதல் எடை, 30-க்கு மேல் பருமன் என்ற கோடுகள் கூட்டத்தை எண்ண நன்றாகவே உதவும். எதிரே நிற்கும் ஒருவருடைய எடை தசையா கொழுப்பா, இடுப்புக்குக் கீழா வயிற்றுக்குள்ளா என்பதை அவை சொல்வதில்லை. அதனால்தான் மேசையில் அளவு நாடா வைத்திருக்கிறேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்டபின் வயிற்றின் சுற்றளவை அளக்க வேண்டும். உயரத்தில் பாதியைத் தாண்டினால் கவனம் தேவை.

ஓட்டுநர் பதினான்கு மாதம் கழித்து வந்தார். எடைக்காக வரவில்லை. சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது தூங்கிவிடுகிறாராம். பின்னால் நிற்பவர்கள் ஒலி எழுப்பித்தான் எழுப்புகிறார்களாம். மனைவிக்கு அவருடைய குறட்டையைவிட, குறட்டை நின்றுபோகும் நொடிகள்தான் பயம். கழுத்தைச் சுற்றி நாடா வைத்தேன். 45 சென்டிமீட்டர். ஆண்களுக்கு 43-ஐத் தாண்டினாலே நாங்கள் உறக்கத்தைப் பற்றிக் கேட்போம். தொண்டையைச் சுற்றிய கொழுப்பு மூச்சுவழியை நெருக்க, இரவு முழுக்க உடல் மூச்சுக்காகப் போராடிக்கொண்டே இருந்திருக்கிறது. பரிசோதனை அதைத்தான் காட்டியது. எடை 110.

அவரிடம் நான்கு கிலோ விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பெல்ட்டை நம்பியிருக்கலாம், சிஸ்டர். நீங்கள் சொன்னதை நம்பிவிட்டேன். இவ்வளவு செய்தும் குறையவில்லை என்றால் எதற்கு வாயைக் கட்ட வேண்டும் என்று விட்டுவிட்டேன்" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதலில் தூக்கத்தைச் சரிசெய்தார்கள். இரவில் முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் கருவி. தூக்கம் கெட்டால் பசி கூடும், கால்கள் நடக்க மறுக்கும். அதை விட்டுவிட்டு உணவைப் பற்றி மட்டும் பேசி என்ன பயன்? பிறகு ஓர் இலக்கு வைத்தோம். 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று எனக்கு மனப்பாடம். நீரிழிவின் விளிம்பில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். அவருடைய 7 சதவீதம் எட்டுக் கிலோகூட இல்லை. "இவ்வளவுதானா? முப்பது என்று சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தேன்" என்றார்.

ஆறாவது மாதத்தில் எடை அசையாமல் நின்றது. எல்லோருக்கும் நிற்கும். இளைத்த உடல் செலவைச் சுருக்கிக்கொள்ளும், பசியைக் கூட்டும். போன கொழுப்பைத் திருப்பிக் கேட்கும். குறியெண்ணுக்குப் பெயர் வைத்த அதே கீஸ்தான் 1944-45-இல் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் உணவைக் குறைத்துப் பார்த்தவர். அவர்கள் சமையல் புத்தகங்களை வாசிக்கத் தொடங்கினார்கள். சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. மன உறுதி இல்லாத ஆட்களாகத் தேடிப் பிடித்து ஆய்வில் சேர்க்கவில்லை. இதை ஓட்டுநரிடம் சொன்னேன். அந்த மாதம் குறைக்க வேண்டாம், நின்றால் போதும் என்று முடிவுசெய்தோம். சில மாதங்களுக்கு எண்ணைப் பார்க்காமல் முதுகு காட்டி ஏறினார், நான் எழுதிக்கொண்டேன்.

இப்போது ஊசி கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். செமாக்ளூடைட் ஊசியால் ஒன்றேகால் ஆண்டில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்ததாக 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. குறுக்குவழி என்று அதை ஏளனம் செய்யும் சக ஊழியர்கள் உண்டு. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் திரும்புகிறது. அதை யாரும் குறுக்குவழி என்பதில்லை. குமட்டலையும் பித்தப்பைக் கல்லையும் பற்றி எச்சரித்து, மருத்துவரிடம் அனுப்பிவைக்கிறேன்.

தினமும் காலையில் முதல் நோயாளி வருமுன் ஐந்து சோதனைக் கற்களையும் மேடையில் அடுக்குகிறேன். என் இடுப்புக்கு அது நல்லதல்ல. எண்ணைப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் கதவைத் திறக்கச் சொல்வேன்.

சென்ற மாதம் ஓட்டுநர் வந்தார். சாவிக்கொத்தை மேசையில் வைத்தார், செருப்பைக் கழற்றினார், ஒரு காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"கல் வைத்துப் பார்த்தாயிற்றா, சிஸ்டர்?"

பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினேன். விரலால் வரியைத் தொட்டுப் படித்தார். 100.0. பிறகு ஏறினார்.