சுன்னாகம் ஸ்ரேசன்

பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்கோ யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் ஸ்ரேசன்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. வகுப்பு முடிந்ததும் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு அங்கே போய் நிற்போம். கோச்சி, அதாவது ரெயில், வந்ததும் சாரதி ஒரு பிரம்பு வளையத்தைக் கொடுப்பார், ஸ்ரேசன் மாஸ்டர் இன்னொன்றை நீட்டுவார். வளையத்தில் தொங்கும் தோல்பைக்குள் ஓர் உலோக வில்லை. அது கையில் இல்லாமல் வண்டி அடுத்த ஸ்ரேசனுக்கு நகராது. ஒற்றைப் பாதை, எதிரே இன்னொரு கோச்சி வந்துவிடக் கூடாதே! தொட்டுப் பார்க்க ஒருநாள் கை நீட்டினேன். "தம்பி, அது விளையாட்டுச் சாமான் இல்லை" என்றார் மாஸ்டர். எங்களுக்குள் நடந்த ஒரே உரையாடல் அதுதான்.

காங்கேசன்துறை–சாவகச்சேரிப் பாதை 1902இல் திறந்தது, 1905இல் கொழும்போடு இணைந்தது, 1956இல் யாழ்தேவி என்ற கடுகதிக் கோச்சி வந்தது. சரி, அது எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் அறிந்த ஸ்ரேசனில் வெங்காய வாசம் வீசும். எழுபதுகளின் முற்பகுதியில் வெங்காயம், மிளகாய் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்த, எங்கள் செம்மண் தோட்டக்காரருக்கு அடித்தது யோகம். மேடை நிறையச் சாக்குகள், எல்லாம் கொழும்புக்கு. தோட்டக்கார வீட்டுப் பொடியன் யாராவது புதுச் சைக்கிளில் வந்தால் அதற்கு 'மிளகாய்ச் சைக்கிள்' என்று பெயர் வைத்தோம். பொறாமைதான், வேறென்ன.

1990 யூனில் போர் மறுபடி மூண்டு கோச்சி நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. 2003இல், சமாதான காலத்தில், மகளோடு போனேன். பாதை கிடந்த இடத்தில் சைக்கிள் தடம். மேடை விளிம்பில் இரண்டு ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. "அப்பா, ரெயில் எங்கே?" என்றாள். கையைக் காட்டினேன். அவள் ஆடுகளைத்தான் பார்த்தாள்.

2015 ஜனவரியில் காங்கேசன்துறைவரை மறுபடி ஓடத் தொடங்கியது. அடுத்த வருஷம் ரிக்கற் எடுத்து ஏறினேன். மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், அப்புறம் காங்கேசன்துறை. அந்தப் பழைய 'தடக் தடக்' கேட்கவில்லை. தண்டவாளங்களை நீளமாக ஒட்டிவிட்டார்களாம், பக்கத்தில் இருந்தவர் சொன்னார். திரும்பிச் சுன்னாகத்தில் இறங்கி மேடையில் அங்குமிங்கும் நடந்து பார்த்தேன். வளையமும் இல்லை, வெங்காயச் சாக்கும் இல்லை. இப்போதெல்லாம் லொறியில்தான் போகிறதாம்.