கொடுக்காப்புளி பொறுக்கப் போன இடம்

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோர்ட் கேனிங் மேட்டில் ஏறினேன். அங்கே பழைய கல்லறைக் கற்களைச் செங்கல் சுவரில் வரிசையாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். கூட வந்த நண்பர் நிழல் தேடி உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் ஒவ்வொரு கல்லாக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். அது நாம் பள்ளியில் படித்த வேலூரில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

கோட்டைப் பக்கத்து வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டம் ஞாபகம் இருக்கிறதா? ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் நாலு பேர் அங்கே போனது சரித்திர ஆர்வத்தால் இல்லை, கொடுக்காப்புளிக்காக. 1981, பங்குனி வெயில், வேலூர் வெயில் என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, கால் சட்டைப் பை நிறையப் பொறுக்கிக்கொண்டு ஒரு பெரிய கல் மேல் உட்கார்ந்து தின்றுவிட்டு, கொட்டையைத் துப்பும்போதுதான் உட்கார்ந்திருந்தது யாரோ ஒருவர் மேல் என்று தெரிந்தது. பயம் வரவில்லை. படிக்க ஆரம்பித்தோம்.

சில கற்கள் ஊசிபோல மேலே போகும், சில வெறும் பெட்டி. எல்லாவற்றிலும் 'சேக்ரட்' என்று ஆரம்பிக்கும். நாங்கள் அதை 'சீக்ரெட்' என்று படித்து, உள்ளே ஏதோ ரகசியம் இருப்பதாக ஒரு வாரம் நம்பினோம். 'ரெலிக்ட்' என்பதை ஏதோ ஒரு துரைசானியின் பெயர் என்று நினைத்தோம், விதவை என்று அர்த்தமாம். குழந்தைகளின் கல்லில் வயசை வருஷம், மாசம், நாள் என்று கணக்காக வெட்டியிருந்தார்கள். அதைப் படிக்கும்போது மட்டும் எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

ஒரு மூலையில் மதில் சூழ்ந்த தாழ்வான கல்லறை. 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர் சிப்பாய்க் கலகத்தில் கோட்டைக்குள் செத்த 69ஆம் ரெஜிமெண்ட் வெள்ளைக்கார சோல்ஜர்களுக்கானது. வாட்ச்மேன் "இன்னாங்கடா பண்றீங்க அங்க?" என்று கத்த, ஓடி வந்து, மறுநாள் சரித்திர வகுப்பில் பெருமையடிக்கப் போய் மாட்டிக்கொண்டோம். சார் அடிக்கவில்லை. "வெள்ளைக்காரன் பேரைப் படிச்சீங்க, சரி. நம்மாளு பேரு எந்தக் கல்லுலடா இருந்துச்சு?" என்றார்.

அப்புறம் அந்தப் பீரியட் முழுக்க அந்தக் கலகத்தின் கதைதான். நெற்றியில் குறி வைக்காதே, தாடியை எடு, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று சிப்பாய்களுக்கு வந்த உத்தரவு, ஆற்காட்டிலிருந்து குதிரையில் பறந்து வந்து கயிற்றில் மதிலேறிய வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி, அன்றைக்கே சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்ட ஏறக்குறைய நூறு சிப்பாய்கள், பிறகு பீரங்கி வாயில் கட்டப்பட்டவர்கள். அவர்களுக்கு ஒரு கல்லும் கிடையாது. (மக்கான் பக்கத்து நினைவுத்தூண் எல்லாம் நாம் பள்ளியை விட்டுப் போன பிறகு வந்தது.) இதே கில்லெஸ்பி 1811இல், பின்னால் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் கூட ஜாவாவுக்குப் போனவர் என்பது இங்கே வந்துதான் எனக்குத் தெரியும்.

தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று நம்மூரைக் கேலி பேசுவார்களே, அதில் சாமி கணக்கு அந்த வருஷமே தீர்ந்தது. சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்தார். ராஜா கணக்கையும் சார்தான் தீர்த்தார். அடுத்த சனிக்கிழமை எங்களைச் சைக்கிளில் பாலாற்றங்கரைக்குக் கூட்டிப்போய், ஒரு சமாதியைக் காட்டி, "இவருதான்டா கண்டி ராஜா" என்றார். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815இல் பிடிபட்டு, மறுவருஷம் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தவர். இலங்கையின் கடைசி ராஜா நம்ம ஆற்று மணலுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார் என்பதை நம்ப முடியாமல் நான் அந்தச் சமாதியைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல சூடு.

சிங்கப்பூரில் 1998 முதல் புதைத்தவர்களுக்குப் பதினைந்து வருஷம்தான், அப்புறம் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். இடம் இல்லை, புரிகிறது. ஆனாலும் இருநூறு வருஷக் கல்லின் மேல் உட்கார்ந்து கொடுக்காப்புளி தின்றவனுக்கு அது கொஞ்சம் அவசரமாகத்தான் படுகிறது.

2021 டிசம்பரில் ஊருக்குப் போனபோது அந்த நால்வரில் ஒருவனோடு மறுபடி ராஜாவைப் பார்க்கப் போனேன். 1990இல் கட்டிய முத்து மண்டபம் இப்போது மேலே நிற்கிறது. வெளியே வந்தால் பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறது, அந்த வருஷ வெள்ளத்தின் மிச்சம். அவன் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "போச்சுடா, இனிமே மலை மட்டும்தான் பாக்கி" என்றான்.