படகு யன்னலுக்கு மறைப்பு

"துணியை விடுங்கோ தம்பி, என்ன நூல் எண்டு சொல்லுங்கோ" என்றார் குஷன் தைக்கிற அண்ணை.

ஊர்காவற்றுறையில் நிற்கிற எங்கள் சின்னப் படகின் யன்னல்களை அளக்கத்தான் அவரைக் கூட்டிப்போனேன். பருத்தி நூல் வெயிலிலும் உப்பிலும் இற்றுவிடும். துணி முழுசாக இருக்க, தையல் மட்டும் பிரிந்து தொங்கும். பொலியெஸ்டர்தான் தாங்கும்.

உள்ளே திரை போடத்தான் வீட்டில் எல்லாருக்கும் விருப்பம். வடிவுதான். ஆனால் யன்னலைத் தாண்டி வந்த வெக்கை பிறகு கபினுக்குள்ளேதானே சுத்தும்? வெளியில் மறைத்தால், யன்னலில் கண்ணாடிக்குப் பதிலாக இருக்கிற அக்ரிலிக் பிளாஸ்டிக் தகட்டில் வெயில் நேரே படாது, அதுவும் கெதியாக மங்காது.

மறைப்பைக் கொழுவுகிற பொத்தான் பூட்ட அண்ணை அந்தத் தகட்டிலேயே துளை போடப் பார்த்தார். விடவில்லை. அக்ரிலிக்கில் துளையிலிருந்துதான் வெடிப்பு ஓடத் தொடங்கும். யன்னலைச் சுற்றியுள்ள படகின் ஃபைபர் சுவரில் துளைத்து, ஒவ்வொன்றுக்கும் பசை வைத்து அடைத்து, 316 ரகத் துருப்பிடிக்காத உருக்குப் பொத்தான். நிக்கல் பூசின பித்தளை மலிவுதான், உப்புக்காற்றில் பச்சை பிடிக்கும்.

மறைப்புக்கு மகளுக்கு வெள்ளை வலைத்துணி வேணுமாம். கறுப்பென்றால்தான் உள்ளேயிருந்து பார்க்கக் கடல் தெளிவாகத் தெரியும், வெள்ளை கண்ணைக் கூசும் என்று சொல்லிப் பார்த்தேன்.

சரி, அவவின் படுக்கைப் பக்கம் மட்டும் வெள்ளை.